‘ங்க’ யாருக்கு?: கொங்குப் பேச்சு, சாதி, உலகச் சந்தை

1

வட்டார வழக்கு என்றாலே நம்ம சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கிறக்கம். செந்தமிழ் மேடையின் மொழி, பாடப்புத்தகத்தின் மொழி, ஆகவே அதிகாரத்தின் மொழி. வட்டார வழக்கு மக்களின் மொழி, ஆகவே எதிர்ப்பின் மொழி என்று ஒரு சமன்பாடு எழுதி வைத்திருக்கிறோம். 1991க்குப் பிறகு இதோடு இன்னொரு வரியும் சேர்ந்துகொண்டது. உலகமயமாக்கல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும், ஒரே கோலா, ஒரே ஜீன்ஸ், ஒரே இங்கிலீஷ். அதற்கு எதிராக உள்ளூர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அரசியல் என்கிற வரி. கரிசல், நாஞ்சில், தஞ்சை, கொங்கு என்று ஆளுக்கொரு மண்ணை எடுத்துக்கொண்டு எழுதினார்கள். நல்ல எழுத்து வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ‘உள்ளூர்’ என்று சொன்னபோது அது யாருடைய ஊர் என்று கேட்க மறந்துபோனோம்.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கத் தோதான இடம் கொங்கு, அதிலும் திருப்பூர். 1970களின் கடைசியில் இத்தாலிக்குப் பனியன் அனுப்பத் தொடங்கிய ஊர் அது. இப்போது ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. அமெரிக்காவில் ஒரு கடைக்காரன் ஆர்டரைக் குறைத்தால் இங்கே அனுப்பர்பாளையத்தில் ஒருத்தனுக்கு ஷிப்டு குறைகிறது. உலகத்தோடு இவ்வளவு நெருக்கமாகக் கட்டுண்ட ஊரில், நம்ம சமன்பாட்டின்படி, உள்ளூர்ப் பேச்சு கரைந்து போயிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. அதன் ஒரு பகுதி முன்னைவிடச் சத்தமாகவே கேட்கிறது. கல்யாண வீடியோவில், செல்போன் ரீல்ஸில், ‘கொங்கு விருந்து’ ஓட்டல் பலகையில், அரசியல் மேடையில் எல்லாம் ‘ஏனுங்க’ இருக்கிறது. அதே நேரத்தில் இன்னொரு பகுதி யாருக்கும் தெரியாமல் செத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பகுதி பிழைத்தது, எது செத்தது, யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

2

முதலில் கொஞ்சம் வெளியே போய் வரலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்டு என்று ஒரு தீவு. வில்லியம் லபோவ் 1961இல் அங்கே போய் 69 பேரிடம் பேசிப் பதிவு செய்து, 1963இல் எழுதிய கட்டுரை சமூக மொழியியலின் தொடக்கப் பிரதிகளில் ஒன்று. அன்று தீவின் நிரந்தரக் குடிகள் ஆறாயிரத்துக்கும் குறைவு. கோடையில் வந்து இறங்குகிறவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். மீன்பிடித் தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. நிலமும் வீடும் கோடைக்காரர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. இந்தச் சமயத்தில் லபோவ் ஒன்றைக் கவனித்தார். ‘ரைட்’, ‘ஹவுஸ்’ மாதிரியான சொற்களில் வரும் ஐகார, ஔகார ஒலிகளைத் தீவுக்காரர்கள் பெருநிலத்துக்காரர்களைப் போலச் சொல்லாமல், வேறு மாதிரி, பழைய மாதிரி சொல்கிறார்கள். கிழவர்கள் இப்படிச் சொன்னால் ஆச்சரியமில்லை. ஆனால் இந்த உச்சரிப்பு கிழவர்களைவிட 30 முதல் 45 வயதுக்காரர்களிடம்தான் தூக்கலாக இருந்தது. தீவிலேயே இருந்து பிழைப்பது என்று முடிவு கட்டியவர்கள், சில்மார்க் பகுதி மீனவர்கள், இவர்களிடம் மிக அதிகம். தீவை விட்டுப் போக நினைத்தவர்களிடம் குறைவு.

அதாவது வட்டார வழக்கு என்பது தாத்தன் விட்டுப்போன சொத்து மட்டும் கிடையாது. வெளியார் வந்து நெருக்கும்போது ‘இது எங்க இடம்’ என்று சொல்வதற்காகத் தேர்ந்தெடுத்துத் தூக்கிப் பிடிக்கிற கொடியும்கூட. பிடிக்கிறவனுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

நம்ம ஊரில் இந்த ஆய்வைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி. தீவில் மூன்று கூட்டம் இருந்தது: பழைய ஆங்கிலேய வம்சம், போர்ச்சுக்கீசிய வம்சம், கே ஹெட் முனையில் வாழ்ந்த பூர்வகுடிகள். தீவின் உண்மையான சொந்தக்காரர்களான பூர்வகுடிகளை ஆங்கிலேய வம்சத்தார் சமமாக நடத்தியதில்லை. அந்தப் பூர்வகுடிகளும் சில்மார்க் மீனவனின் உச்சரிப்பையே எடுத்துக்கொண்டார்கள். போர்ச்சுக்கீசியரின் இளைய தலைமுறையும் அந்த வழியில் போனது. ஒரே ஒலிதான். ஆனால் ஒருவன் வாயில் அது ‘வெளியாரே, தள்ளி நில்லுங்கள்’ என்கிறது. இன்னொருவன் வாயில் ‘நானும் இந்த ஊர்க்காரன்தான், ஒத்துக்கொள்’ என்கிறது. வட்டார அடையாளத்துக்கு உள்ளே இப்படி ஒரு சண்டை நடக்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பூருக்குத் திரும்பலாம்.

3

கொங்குப் பேச்சின் கொடியாக எடுக்கப்பட்டிருப்பது ‘ங்க’. ‘கோயமுத்தூர்க்காரங்க மரியாதையாப் பேசுவாங்க’ என்பது தமிழ்நாடு முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். சென்னையில் வேலைக்குப் போன கொங்குப் பையனுக்கு அது ஒரு பெருமை. சரி, இந்த ‘ங்க’ என்ன செய்கிறது என்று இலக்கணமாகவே பார்ப்போம். ‘அவரு வந்தாருங்க’ என்றால் அவருக்கு மரியாதை என்று தோன்றும். ‘நாய் கொலைக்குதுங்க’, ‘நான் போறனுங்க’ என்றால்? நாய்க்கோ எனக்கோ நான் மரியாதை கொடுத்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற ஆளுக்குத்தான் கொடுக்கிறேன். வாக்கியம் எதைப் பற்றியதாக இருந்தாலும் அதன் வால் கேட்பவனைத் தொட்டுக் கும்பிடுகிறது. ஆக, இந்தப் பேச்சில் ஒவ்வொரு வாக்கியமும் எதிரே நிற்பவன் யார் என்ற கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் முடிகிறது. ‘ங்க’ போடுவது ஒரு செய்தி என்றால், போடாமல் விடுவதும் ஒரு செய்தி.

இது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதல்ல. தமிழ் எம்.ஏ. வகுப்பில் வட்டார வழக்கு என்று வந்தால் திசைச்சொல்லில் தொடங்குவார்கள். தொல்காப்பியம் செந்தமிழ் நிலம், அதைச் சுற்றிய பன்னிரு நிலம் என்று பேசுகிறது. அங்கே வேறுபாடு இடத்தால் வருகிறது. ஆனால் அதே தொல்காப்பியம் இன்னோர் இடத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களைப் பிரித்து வைக்கிறது. தாழ்ந்தவன் கேட்டால் ஈ, சமமானவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. வேறுபாடு யார் யாரிடம் கேட்கிறார் என்பதால் வருகிறது. பழைய இலக்கணக்காரனுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. நாம் வட்டார வழக்கு என்று எடுத்துக்கொண்டதில் திசை மட்டும் மிஞ்சியது, படிநிலை உதிர்ந்துபோனது.

கொங்கு ஊர்களில் படிநிலை உதிரவில்லை. பண்ணையத்தில் நரைத்த தலையுடைய அருந்ததியர் ஒருவர் கவுண்டர் வீட்டுப் பொடியனைப் பார்த்து ‘ஏனுங் சின்னக் கவுண்டரே’ என்று ‘ங்’ போட்டுப் பேசியதையும், அந்தப் பொடியன் அவரைப் பேர் சொல்லி ‘வாடா, போடா’ என்றதையும் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கோவைப் பக்கம் ‘பண்ணாடி’ என்று ஒரு விளி. இதே பேச்சில் ஒரு கவுண்டர் இன்னொரு கவுண்டருக்கு, மாமனுக்கு மச்சானுக்கு, ஒறம்பரைக்கு ‘ங்க’ போட்டால் திரும்பவும் ‘ங்க’ கிடைக்கும். அங்கே அது கொடுக்கல் வாங்கல். வளவுக்காரர் போட்டால் அது வரி, போனது போனதுதான். ‘மரியாதைத் தமிழ்’ என்ற பெயர் இந்த ஒருவழிப் பாதையை மறைத்துவிடுகிறது.

‘தினமும் ஒண்ணா வேலை செய்யறாங்க, பேச்சும் ஒண்ணாத்தானே ஆகும்’ என்று கேட்கலாம். ஜான் கம்பர்ஸ் 1958இல் உத்தரப்பிரதேசத்தின் காலாப்பூர் என்ற கிராமத்தைப் பற்றி எழுதியது இதற்குப் பதில். மேல்சாதிக்காரரும் தீண்டத்தகாதவர் எனப்பட்டவரும் வயலில் நாள் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும் பேச்சு வேறுபாடு நீடிக்கிறது. எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதைவிட, எந்த உறவில் பேசுகிறார்கள், சமமாக உட்கார்ந்து பேசுகிறார்களா என்பதுதான் பேச்சை ஒன்றாக்குகிறது என்று அவர் கண்டார்.

4

இனி உலகச் சந்தை. திருப்பூரைப் பற்றிய முக்கியமான ஆய்வு சாரத் சாரியின் ‘ஃப்ரேட்டர்னல் கேபிடல்’ (2004). தலைப்பைச் ‘சகோதர மூலதனம்’ என்று சொல்லலாம். கவுண்டர் சாதியின் சிறு விவசாயிகளும் தொழிலாளிகளும் எப்படி முதலாளிகள் ஆனார்கள், தங்கள் வளர்ச்சியை அவர்கள் ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லால் எப்படி விளக்குகிறார்கள், காட்டில் ஆள் வைத்து வேலை வாங்கிய பழக்கம் கம்பெனிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று அவர் எழுதுகிறார். எனக்கு அதில் கேட்பது ஒரு விளிச்சொல்: ‘அண்ணா’. பனியன் கம்பெனியில் கான்ட்ராக்டர் அண்ணன், சூப்பர்வைசர் அண்ணன், சின்ன ஓனர் அண்ணன். ‘கவுண்டரே’ போய் ‘ஏனுங்ணா’ வந்தது. இது வளர்ச்சிதான், சந்தேகமில்லை. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவன் சாதிப் பட்டத்தைச் சொல்லிக் கும்பிட வேண்டியதில்லை. ஆனால் அண்ணனிடம் கூலி பேரம் பேசுவது கஷ்டம். ஓவர்டைம் பாக்கியைக் கேட்டால் ‘நம்ம ஊட்டு வேலையாட்டப் பாக்கோணும் கண்ணு’ என்று பதில் வரும். அந்த ‘கண்ணு’ என்ன வேலை செய்கிறது என்று கைமடிக்கிற பெண்ணுக்குத் தெரியும்.

இதே ஆண்டுகளில் திரையில் என்ன ஓடியது என்று பாருங்கள். ‘சின்னக் கவுண்டர்’ 1992, ‘எஜமான்’ 1993, ‘நாட்டாமை’ 1994. புதிய பொருளாதாரக் கொள்கை 1991இல் வருகிறது. அடுத்த மூன்று வருடத்துக்குள் கொங்குப் பேச்சு வாடையோடு பெரிய வீட்டுப் படங்கள் வரிசையாக வந்து வெற்றி பெறுகின்றன. ஊரே கைகட்டி நின்று ‘ங்க’ போடுகிறது, நாயகன் அதை வாங்கிக்கொள்கிறான். மேற்கே காடு தோட்டத்தில் கிணறு வற்றி, விவசாயி மகன் கம்பெனி தேடி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நிஜத்தில் தளர்ந்துகொண்டிருந்த பண்ணையத்தின் பேச்சு திரையில் மறுபடி முடிசூட்டிக்கொண்டது. சில்மார்க் மீனவன் கதைதான் இது. மீன் குறையக் குறைய மீனவன் பேச்சு ஏறியது. ஒரு வித்தியாசம்: இங்கே தூக்கிப் பிடிக்கப்பட்டது மீனவனின் பேச்சு அல்ல, படகுக்குச் சொந்தக்காரனின் பேச்சு.

மற்றவை என்ன ஆயின? ஏற்றம் இறைத்தவன், பட்டி போட்டவன், செருப்புத் தைத்தவன், பனையேறியவன் வைத்திருந்த சொற்கள், தோலுக்கும் கயிற்றுக்கும் வடத்துக்கும் பறிக்கும் இருந்த நூற்றுக்கணக்கான பெயர்கள், கொடியில் இடம் பெறவில்லை. ரீல்ஸில் ‘ஏனுங்க’, ‘அம்மிணி’, ‘ஒறம்பரை’ வரும். உழைப்பால் வளர்ந்தோம் என்கிற சமூகத்தின் பேச்சுக் கொடியில் உழைப்பின் சொற்கள் இல்லை.

5

இலக்கியத்துக்கு வருவோம். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) தமிழின் முதல் வட்டார நாவல் என்று பாராட்டப்படுகிறது. மண்மணம், மண்மணம் என்று சொல்லிச் சொல்லியே அதில் நடப்பதை மறந்துவிட்டார்கள். ஒரு விதவை நிலத்தில் பங்கு கேட்கிறாள். அவள் கேட்டதிலிருந்து கதை கொலையில் போய் முடிகிறது. மரியாதைத் தமிழ் பேசுகிற குடும்பத்துக்குள் ஒரு பெண் சொத்துக் கேட்டால் அந்த மரியாதை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அந்த நாவலின் மொழிப் பிரச்சினை. வட்டாரத்தை வாசிக்க வேண்டியது இந்த இடத்தில்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) இன்னும் நேராகப் போகிறது. கூளையனும் வவுறியும் மற்ற அருந்ததியர் பிள்ளைகளும் ஆடு மேய்க்கிறார்கள். கவுண்டர் மகன் செல்வனும் கூட மேய்க்கிறான். ஒரே காடு, ஒரே வெயில், ஒரே விளையாட்டு, ஒரே வழக்கு. ஆனால் ஆடு தொலைந்தால் யார் முதுகில் அடி விழும் என்பது ஒரே மாதிரி இல்லை. வட்டார வழக்கு எல்லாரையும் ஒன்றாக்குகிற பொதுச்சொத்து என்ற நம்பிக்கை அந்த மேய்ச்சல் காட்டில் உடைகிறது. அதே ஆண்டில்தான் அவருடைய ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யும் வந்தது. கி. ராஜநாராயணன் கரிசலுக்குச் செய்ததை அவர் கொங்குக்குச் செய்தார்.

இந்த மண்ணின் சொற்களைப் பொறுக்கிச் சேர்த்து அகராதி போட்ட அதே மனிதருக்குத்தான் 2014 கடைசியில் ‘மண்ணின் மானம்’ என்று சொல்லிக்கொண்டு எதிர்ப்பு வந்தது. ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்த நாவல். சாதி அமைப்புகளும் இந்துத்துவ அமைப்புகளும் திரண்டன. திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 2015 சனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி பிரச்சினை முடிந்தது. நமக்குப் பாடம் முடியவில்லை. உள்ளூர்ப் பேச்சை முழுசாக, அதன் படிநிலையோடும் ரகசியத்தோடும், எழுதியவனை உள்ளூர் அடையாளம் தாங்கவில்லை. அது கேட்டது சொற்களை அல்ல, கொடியை.

6

கொங்குத் தமிழ் என்று சொல்கிறபோது இன்னொன்றும் மறைகிறது. இங்குள்ள அருந்ததியர்களில் பெரும்பாலானவர்களுக்கு வீட்டு மொழி தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். வீட்டில் தெலுங்கு, காட்டில் கொங்குத் தமிழ் என்று பல தலைமுறையாக இரண்டையும் சுமந்தவர்கள் அவர்கள். பண்ணையத்துச் சொற்களை அதிகம் பேசிப் புழங்கியவர்களும் அவர்களே. ஆனால் தமிழ் அடையாள அரசியலின் ஒரு பிரிவு அவர்களை ‘வந்தேறி’க் கணக்கில் வைக்கிறது. 2023இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் மேடையிலேயே அருந்ததியர் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்று பேசப்பட்டு வழக்கானது. 2009இல் வந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டின் மீது இருக்கிற எரிச்சலும் இந்தப் பேச்சின் பின்னால் உண்டு. கே ஹெட் பூர்வகுடி மாதிரி ‘நாங்களும் இந்த ஊர்’ என்று பேச்சால் உரிமை கேட்டாலும், வீட்டு மொழியைக் காட்டி வாசலை அடைக்கிறார்கள்.

அதனால்தான் படித்து வெளியே வந்த தலித் இளைஞர்கள் பலர் கொங்கு வழக்கை வேண்டுமென்றே உதிர்த்துவிட்டு, டிவியில் கேட்கிற பொதுத்தமிழில் பேசுகிறார்கள். ‘மண்வாசனை போச்சே’ என்று நம்ம ஆட்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எந்த வாக்கியத்தைப் பேசினாலும் அதன் வாலில் தன் அப்பன் குனிந்து நின்றது தெரிகிற ஒருவனுக்கு, அந்த வாலை வெட்டிவிடுவது விடுதலை. உலகமயமாக்கல் வட்டார வழக்கை அழிக்கிறது என்று நாம் அழுகிற இடத்தில் அவன் மூச்சு விடுகிறான். இதைப் புரிந்துகொள்ளாத வட்டார இலக்கியக் கொள்கை, தெரிந்தோ தெரியாமலோ, பண்ணையத்தின் பக்கம் நிற்கிறது.

இன்னும் புதிதாக வந்தவர்களும் உண்டு. தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டவர்கள், அப்புறம் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வருகிற பையன்கள். இந்தப் பையன்கள் தமிழில் முதலில் கற்றுக்கொள்வது ‘அண்ணா’, ‘செரிங்ணா’. அவர்களை நோக்கிப் போகிற தமிழில் ‘டா’ அதிகம், ‘ங்க’ அபூர்வம். பழைய பண்ணைய இலக்கணம் புதிய ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. 2023 தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ரயில் நிலையங்களில் கூட்டம் கூடியது. வீடியோ பொய்தான். ஆனால் அதை நம்புகிற அளவுக்குப் பயம் ஏற்கனவே ஏன் இருந்தது என்பதற்கு, ஒரு நாள் முழுக்க அவர்கள் காதில் விழுகிற தமிழையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

7

அப்படியானால் வட்டார வழக்கை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. கொடியாகப் பிடிப்பதை விட்டுவிட்டு, வழக்காகவே எழுதச் சொல்கிறேன். யார் யாரிடம் எந்த இடத்தில் அப்படிப் பேசினார் என்ற தகவல் இல்லாமல் ஒரு வழக்குச் சொல்லைப் பதிவு செய்வது பாதிப் பதிவு. அகராதி தொகுக்கிறவர்கள் பொருளுக்குப் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும். நாவல் எழுதுகிறவர்கள் ‘ங்க’வைத் திரும்பப் பெறாத ஆளின் பக்கத்திலிருந்து ஓர் உரையாடலை எழுதிப் பார்க்கட்டும். தேனிக்காரியின் கொங்கு கலந்த தமிழையும், ஒடிசாப் பையனின் மூன்று மாதத் தமிழையும் சேர்த்தால்தான் இன்றைய திருப்பூரின் வழக்கு. இவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் கொங்கு நாவல் பழைய ஊரின் சுற்றுலாக் கையேடு.

இயக்கத்தில் இருக்கிற நண்பர்களுக்கும் ஒன்று. மரியாதைக்கு வேறு இலக்கணம் இந்த மண்ணில் முயலப்படாமல் இல்லை. 1929 செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானம் போட்ட சுயமரியாதை இயக்கத்தின் தலைவர் ஈரோட்டுக்காரர். ஒருவரைச் சாதிப் பட்டம் சொல்லி அழைப்பதே மரியாதை என்று இருந்த பகுதியிலிருந்து வந்தவர் அவர். திருப்பூரிலேயே 1984இல் பஞ்சப்படிக்காக நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அந்தச் சங்கக் கூட்டங்களின் விளி ‘தோழர்’. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இரண்டு பக்கமும் ஒரே எடையில் போகிற சொல் அது. இப்போது சங்க ஆபீசிலும் ‘தலைவரே’, ‘அண்ணா’ கேட்கிறது. பிஸ் ரேட்டுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது அதைத் தமிழில் மட்டும் அடிக்கிறோமா, இந்தியிலும் ஒடியாவிலும் அடிக்கிறோமா. கூட்டத்துக்கு வந்த பீகார்ப் பையனுக்கு ‘உட்காருங்க தோழர்’ என்று ‘ங்க’ போடுகிறோமா என்பதைக் கவனித்தாலே, நம்ம உள்ளூரில் யாருக்கெல்லாம் இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.